மலைச் சரிவில் எச்.பி. மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடும் எங்களைப் போன்றவர்கள், கூலிக்கு ஆள் கிடைக்காமல் டிராக்டர் வாங்கப் போனால் முதலில் விசாரிப்பது எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) என்பதைத்தான். ஆனால் சரிவில் வண்டி புரள்வது பெரும்பாலும் இழுவை போதாமல் அன்று, உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால்தான். ஆகவே தாழ்ந்த உடலும், அகலப்படுத்தக்கூடிய சக்கர இடைவெளியும், நான்கு சக்கர இழுவையும் உள்ள சிறிய வண்டியே மலைக்கு ஏற்றது. பின்சக்கரங்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடை இன்னும் கீழே இறங்கும்.

வாங்குவதற்கு முன் நிலத்தை அளந்து பார்ப்பது நல்லது. ஒரு மீட்டர் மரச்சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேற்புறத்தில் தரையோடு வைத்து, ரசமட்டம் கொண்டு மட்டமாகப் பிடித்து, மறுமுனைக்குக் கீழே உள்ள இடைவெளி 25 செ.மீ. இருந்தால் அது 25 சதவீதச் சரிவு, அதாவது சுமார் 14 டிகிரி. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. மண் அரிக்காமலிருக்கச் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்பது சரியான அறிவுரைதான். ஆனால் டிராக்டர் பக்கவாட்டில் புரள்வதற்கு வாய்ப்பு மிகுதியாக இருப்பதும் அப்படிக் குறுக்கே ஓட்டும்போதுதான். படிமட்டம் அமைக்காத செங்குத்து நிலத்தில் டிராக்டரை ஏற்றவே கூடாது, அங்கே கையால் பிடித்து நடந்தபடி ஓட்டும் பவர் டில்லரோ மண்வெட்டியோதான் என்பது என் கருத்து.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் விழுந்து கிடந்த சீகை மரத்தை இழுக்க வாடகைக்கு வந்த வண்டியில், சங்கிலியை வண்டியின் பின்னால் தாழ்வாக உள்ள டிரா பார் என்ற இழுவைக் கம்பியில் மாட்டாமல், உழுகருவியின் மேல் இணைப்புக் கம்பியான டாப் லிங்க்கை மாட்டும் உயரமான இடத்தில் மாட்டிவிட்டார்கள். கிளட்ச்சை விட்டதும் முன்சக்கரங்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பின. சங்கிலி அறுந்ததால் ஓட்டுநர் பிழைத்தார். பின்அச்சுக்கு மேலே இழுவிசை விழுந்தால் வண்டி பின்னோக்கிக் கவிழும், அதுவும் குதித்துத் தப்ப அவகாசம் தராத வேகத்தில். இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும், இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்காமல் சாலையில் ஓட்டுவதும், மட்கார்டில் ஆள் ஏற்றுவதும் இதே வகைத் துணிச்சல்தான்.

ஓட்டுநரைக் காப்பது இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரும்புப் பாதுகாப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும்தான். இந்த இரும்புச் சட்டம் இருந்தால் பெல்ட் கட்டாயம். சட்டம் இல்லாத வண்டியிலோ பெல்ட் அணிவதே ஆபத்து. மரக்கிளை தடுக்கிறதென்று மடக்கி வைத்த சட்டம் யாரையும் காக்காது. ஸ்வீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கே வண்டி புரண்டு இறப்பவர்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது.

மலை மாவட்டங்களில் டிராக்டருக்கு மானியம் வழங்கும்போது, வேளாண்மைப் பொறியியல் துறை இந்த இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டிகளுக்கே அதை அளிக்க வேண்டும் என்றும், ஓட்டுநர் பயிற்சியை எங்கள் சரிவு நிலங்களிலேயே நடத்த வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலைக்காய்கறி விவசாயி ஒருவர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.