நீதி சொல்லாத கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் என் பேத்திக்கு ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையைத் தமிழில் சொல்லி வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள், வயது எட்டு. அதில் வரும் ஒரு தேநீர் விருந்தில் நேரம் எப்போதும் தேநீர் வேளையான ஆறு மணிதான் என்றதும், “அப்போ கோப்பையை எப்போ கழுவுவாங்க தாத்தா?” என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கதையிலேயே அதுதான் சிக்கல்: கழுவ நேரமில்லாமல் அடுத்தடுத்த நாற்காலிக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள்!

1862-இல் ஆக்ஸ்ஃபோர்டில், படகில் போகும்போது ஒரு கணித விரிவுரையாளர் மூன்று சிறுமிகளுக்குச் சொன்ன கதை இது. லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865-இல் நூலாக வந்தது. எதிலும் நீதி தேடும் சீமாட்டி ஒருத்தி இதில் வருகிறாள். அவளைக் கண்டால் பேத்திக்கு ஒரே சிரிப்பு. சீட்டுகளே ஆட்களாக வரும் ராணியின் நீதிமன்றத்தில் ஆலிஸ், “நீங்கள் வெறும் சீட்டுக்கட்டுதானே!” என்று துணிந்து சொல்லும் இடத்தை மூன்று முறை சொல்ல வைத்தாள். பெரியவர்கள் போடும் புரியாத சட்டங்களுக்கு நடுவில்தானே எல்லாக் குழந்தைகளும் வளர்கிறார்கள்?

சரி, அடுத்து இப்படி ஒரு தமிழ் நூல் வாங்கலாம் என்று இங்குள்ள பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனேன். கையில் கிடைத்தவை நீதிக்கதைகளும் பயிற்சி நூல்களும்தான். நம் எழுத்தாளர்களிடம் கேட்டு, தங்கள் ஞாயிறு பதிப்பில் வாரம் ஒரு மாயக்கதை வெளியிடுங்களேன். முதல் வாசகி எங்கள் வீட்டில் தயாராக இருக்கிறாள்.

ஒரு தாத்தா,
செந்தூல், கோலாலம்பூர்