அது வைரஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டில் ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, முடிந்ததிலிருந்து, கடைக்கு வருகிறவர்கள் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இக்கடிதம்.

என்னுடையது 2014-இல் வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் இல்லை. தங்கை மகன் ஹார்ட் டிஸ்க்கில் 100 ஜிபி ஒதுக்கி, விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தான். (முதலில் எல்லாவற்றையும் நகல் எடுக்க வைத்தான், அதற்கே ஒரு நாள் போனது.) பழைய எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகைகளும் மண்டிச் சீட்டு மென்பொருளும் விண்டோஸில்தான் ஓடும். அப்போது இணைய இணைப்பைக் கழற்றிவிடுவேன். மின்கட்டணம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் லினக்ஸில்.

முதல் வாரமே ஒரு வம்பு. காலை ஒன்பதரைக்குத் தக்காளி மண்டிக்காரர் ஒருவருக்குச் சீட்டு அடித்தால், அதில் நேரம் 4.00 என்று இருக்கிறது. "நாலு மணிக்கு நீங்கள் எழுந்தே இருக்க மாட்டீர்களே அண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஒரே கடிகாரம். விண்டோஸ் அதை நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டுகிறது. லினக்ஸும் அதை நம்மூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும்படி தங்கை மகன் ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்தான், சரியாகிவிட்டது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் அணைத்தான். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும். அதன் கோப்புகளில் லினக்ஸால் எதையும் எழுத முடியாது.

இதொன்றும் புது வித்தை அல்ல. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அச்செடுக்க வந்த பிள்ளைகள் கணினியைத் திறந்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரும். படித்துக்கூடப் பார்க்காமல் விண்டோஸுக்கு நகர்த்தி என்டரைத் தட்டுவார்கள். மற்றது என்ன என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "ஏதோ வைரஸ் அண்ணா" என்றாள். எனக்கும் அன்று தெரியாது, தலையாட்டினேன்.

இன்று அதே பட்டியல்தான் என் கடைக்குப் புதுக் கணினிச் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது. தருமபுரியில் மாவட்ட மைய நூலகத்திலோ கல்லூரி ஒன்றிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்தால், என் கணினியை வண்டியில் வைத்துக் கொண்டுவரத் தயார்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடைக்காரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.