கொடியில் கிடக்கும் முடிச்சு

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பூம்பாறைப் பூண்டு இந்த முறை நன்றாக வந்திருக்கிறது என்று அம்மா இரண்டு கிலோ வாங்கி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், உனக்கென்று. வெளியூர் வண்டிகளுக்கு 2024-இல் இ-பாஸ் கொண்டுவந்தார்கள். ஏரிப் பக்கம் போனால் இன்றைக்கும் நிற்க இடமில்லை. குரங்குகள் மறுபடியும் தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கிவிட்டன. வேறு விசேஷமில்லை.

போனில் "நன்றாக இருக்கிறேன் அப்பா" என்கிறாய். ஆறு மாதமாக அதே மூன்று சொல். மாதம் தவறாமல் பணம் வருகிறது. பணமா கேட்டேன்?

ஹெல்மெட்டை மறக்காதே. காபியைக் குறை. மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் பாறை ஏறாதே. கர்நாடகத்துப் பாதாமிப் பாறை மணற்கல், நம் ஊர்ப் பாறை மாதிரி இல்லை, உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே காய்ந்ததுபோல் காட்டும், பிடித்த பிடி கையோடு பெயர்ந்து வந்துவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். இதை எதற்கு எழுதினேன்? அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தால் அடித்த இடம்தான் முதலில் கண்ணில் படும். இருக்கட்டும்.

பாறையிலிருந்து விழுந்த அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனாயா? தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நானும் வருகிறேன்.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது உன்னோடு மலையேறும் ஆட்களைப் பெருமாள் மலைக்குக் கூட்டிப்போனாய், என்னையும் சேர்த்து. நடுவழியில் ஒரு பெண் நடுங்கி உட்கார்ந்துவிட்டாள். தைரியமாக இரு என்று நீ சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பயம் எங்கே இருக்கிறது, வயிற்றிலா முழங்காலிலா என்று கேட்டாய். தீயணைப்பில் அத்தனை வருடம் கயிற்றில் தொங்கிய எனக்கு அப்படிக் கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை. அன்று மார்பு நிமிர்ந்து நடந்தேன். ஊரார் பயத்தையெல்லாம் விசாரிக்கத் தெரிந்தவள் தன் பயத்தை மட்டும் பெட்டியில் பூட்டி வைப்பாளா?

நீலகிரியில் பாறைத்தேன் எடுக்க இறங்கும் குறும்பர்கள் மச்சினனைத்தான் கயிற்றுக்குக் காவல் வைப்பார்களாம். கூடப்பிறந்தவளின் தாலி அந்த முனையில் தொங்குகிறது, விட்டுவிடுவானா? உன் கயிற்றுக்கு இப்போது யார்?

பொங்கலுக்கு வந்திருந்தபோது, இரவு இரண்டு மணி இருக்கும், கொல்லையில் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கயிற்றில் ஏறுபவர்கள் போடும் எட்டு வடிவ முடிச்சைப் போடுகிறாய், இழுத்துப் பார்க்கிறாய், விரலால் ஒவ்வொரு வளைவையும் தடவிவிட்டு அவிழ்க்கிறாய், மறுபடி போடுகிறாய். நான் சமையலறை இருட்டில் நின்றிருந்தேன். பதினொன்று வரை எண்ணினேன். பிறகு போய்ப் படுத்துக்கொண்டேன், பாப்பா. கூப்பிடவில்லை. காலையில் காபியைக் குறை என்றேன்.

ஏன் கூப்பிடவில்லை என்றால், எனக்கு அது என்னவென்று தெரியும். 1998-இல் தூண் பாறைக்குக் கீழே ஒரு கல்லூரிப் பையனை எடுக்க இறங்கினேன். 400 அடிப் பாறை, சுற்றிலும் மூடுபனி. அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஷூ லேஸ்தான். இரட்டை முடிச்சு, இரண்டு காதும் சமமாக, யாரோ அக்கறையாகக் கட்டிவிட்டதுபோல. அன்று மாலை நீ பள்ளி ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து, முடிச்சுப் போடச் சொல்லித் தரக் கேட்டாய். அறைந்தேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை. நீ அழவும் இல்லை, ஷூவை மட்டும் மூலையில் வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நான் குடித்த கதை உனக்குத் தெரியும். வேலையில் சேர்க்கை சரியில்லை என்று அம்மா நினைத்தாள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் வாய் திறக்காததை வீரம் என்று நினைத்தவன் நான். உனக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இரத்தக் கொதிப்பு பார்க்கும் நர்ஸ் 14416 என்று ஒரு எண் எழுதிக்கொடுத்தார். மனக்கஷ்டத்துக்கு அரசு நடத்துவது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. உனக்கு அனுப்பத்தான் வாங்கினேன். போன புதன்கிழமை நானே அழைத்துவிட்டேன். மகளைப் பற்றி என்றுதான் ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் ஐயா?" என்றது அந்தப் பெண். போனை வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி அழைத்தேன். அப்போது வைக்கவில்லை.

பாறையில் ஈரம் காய்ந்துவிட்டது என்று அன்று சொன்னது நீதான் என்று உன் தோழி சொன்னாள். எனக்கு அப்போதிலிருந்தே தெரியும். தெரிந்தும் என் மகள் எனக்கு அதே பாப்பாதான்.

நீ கடைசியாகப் போட்ட முடிச்சை அம்மா அவிழ்க்கவில்லை. துணி அதை ஒட்டித்தான் காய்கிறது.

சித்திரைக்கு வா. வத்தலக்குண்டு வந்ததும் போன் செய். அதற்கு முன்னாலும் செய், இரவு இரண்டு மணியானாலும் எடுப்பேன். அந்நேரம் நானும் விழித்துத்தான் இருக்கிறேன். காபியைக் குறை.

உன் அப்பா

பி.கு.: ஷூ விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிடாதே. நானே சொல்ல வேண்டும்.