பதிவேட்டைத் தேடிப் போக மாணவர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டக் கல்லூரிகளில் குழந்தை உரிமைகளைத் தனிப்பாடமாக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் இலவச சட்ட உதவி வழக்கறிஞராகச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், குழந்தைகளின் வழக்குகள் பெரும்பாலும் தகவல் திரட்ட ஆளில்லாமல்தான் தடுமாறுகின்றன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

திருட்டு வழக்கு ஒன்றில் சிறையில் இருந்த பையனுக்காக ஒருமுறை என்னை நியமித்தார்கள். காவல்துறை ஆவணங்களில் அவனுக்கு வயது 19. "கம்மாய் உடைஞ்ச வருசம், ஆடி மாசம் பெறந்தான்" என்பதற்கு மேல் அவன் தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேருந்து மாறி, அவன் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை இரும்பு பீரோவின் அடித்தட்டிலிருந்து, ஓரம் கரையான் அரித்த சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நிறுத்தினார். சம்பவ நாளில் அவனுக்கு 17 வயது நிறைந்திருக்கவில்லை. வயதில் ஐயம் எழுந்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு பள்ளிச் சான்றுக்கே முதலிடம் தருகிறது. அது கிடைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. (கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலத்தில் பள்ளியில் சேர்ந்த எனக்கு, இந்த வரிசையைப் படிக்கும்போது சிரிப்பு வருவதுண்டு.) அந்த ஒரு பக்க நகலால் வழக்கு, 18 வயது நிறையாதவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாறியது. அதற்குள் பையன் ஒரு மாதத்துக்கு மேல் பெரியவர்களோடு சிறையில் கழித்திருந்தான்.

பெயர்பெற்ற வழக்குகளும் இத்தகைய தேடலில்தான் நின்றன. சிறைகளில் அடைபட்ட குழந்தைகளுக்காகப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், நீதித்துறை நடுவர்கள் சிறைகளுக்கு நேரில் சென்று, 16 வயதுக்கு உட்பட்டோர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும் என 1986-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 10.12.1996 அன்று வந்த தீர்ப்பு, அபாயகரமான தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 கட்ட வேண்டும் என்றும், அரசு அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இயலாவிட்டால் ரூ.5,000 நல நிதியில் செலுத்த வேண்டும் என்றும் சொன்னதோடு, ஆறு மாதங்களில் குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்பையும் கேட்டது. கணக்கில் வராத குழந்தைக்கு அந்த ரூ.20,000 எப்படிப் போய்ச் சேரும்?

இந்த வேலையைச் சட்ட மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். இப்போது பல கல்லூரிகளின் சட்ட உதவி முகாம் என்பது பந்தல், ஃபிளெக்ஸ் பேனர், குழுப் புகைப்படம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கல்லூரியையும் தன் மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்தோடும் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடும் இணைத்து, வழக்கறிஞரின் மேற்பார்வையில் வயதுச் சான்றுகளைத் தேடி எடுப்பதையும், வழக்குகள் எத்தனை மாதம் நிலுவையில் கிடக்கின்றன என்று எண்ணுவதையும் மதிப்பெண்ணுக்குரிய பயிற்சியாக்க வேண்டும். சிறு குற்ற விசாரணை நான்கு மாதங்களிலும், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதங்களிலும் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. அந்தக் கெடுவைத் தாண்டியவை எத்தனை என்ற பட்டியல் கையில் இருந்தால், அதுவே உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனுவுக்கு அடிப்படையாகும். குழந்தையின் அடையாளம் வெளியாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. 74-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. எண்ணிக்கைக்குப் பெயர் தேவையில்லை. சான்று தேடிச் செல்லும் மாணவர் வழக்கைப் பற்றிப் பள்ளியில் வாய் திறக்கக் கூடாது என்பதே அவருக்கான முதல் பாடமாக இருக்கட்டும்.

எங்கள் பகுதியில் இதற்கு முன்வரும் கல்லூரி இருந்தால், எந்த ஊருக்கு எந்தப் பேருந்தில் போவது, தலைமையாசிரியரிடம் எந்தக் கடிதத்தைக் கொடுத்துப் பதிவேட்டைக் கேட்பது என்பதிலிருந்து சொல்லித்தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.