அயர்லாந்து யாரால் நிரம்பியது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்தில் "நாடு நிரம்பிவிட்டது" என்று வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கு எதிராகக் கோஷம் போடுகிறவர்களைப் பற்றிய செய்தியைப் படித்தேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

வட அயர்லாந்தைச் சேர்க்காமல், இன்றைய அயர்லாந்துக் குடியரசின் நிலப்பரப்பில் மட்டும் 1841-இல் 65 லட்சம் பேர் இருந்தார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பஞ்சத்தில் தீவு முழுக்க சுமார் பத்து லட்சம் பேர் செத்து, ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறி, அப்புறமும் ஒவ்வொரு தலைமுறையும் லிவர்பூல், பாஸ்டன் என்று கிளம்பிப் போனதில் 1961-இல் அது 28 லட்சமாகச் சுருங்கிவிட்டது. 2022 கணக்கெடுப்பில்தான் மறுபடி 50 லட்சத்தைத் தாண்டியது. இதில் ஐந்தில் ஒருவர் வெளியே பிறந்தவர். அவர்களிலும் பலர், பிழைக்கப் போன அயர்லாந்துக்காரர்களுக்கு இங்கிலாந்தில் பிறந்து திரும்பிய பிள்ளைகள்தான்.

வாடகை தாங்க முடியவில்லை என்ற கோபம் நியாயம். ஆனால் 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வருஷக்கணக்கில் போதிய வீடு கட்டாமல் விட்டது போலந்துக்காரர்களா, கோர்ட் என்ற சின்ன ஊருக்கு இறைச்சி ஆலை வேலைக்கு வந்த பிரேசில்காரர்களா?

என் தங்கை அயர்லாந்தில் கால்வே பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அவள் வார்டில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர், கூடப்பிறந்த எட்டுப் பேரில் ஆறு பேர் கப்பலேறியவர்கள். ஊசி போட்டு முடிந்ததும் இவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "உன்னை வழியனுப்ப உங்கம்மா வந்தாளா?" என்று கேட்டாராம். சொல்லும்போதே போனில் தங்கைக்குக் குரல் உடைந்துவிட்டது.

ஒரு வாசகி,
திண்டுக்கல்