பீரோவுக்குள் இருந்தது நீதானாம்

அன்புள்ள அக்கா,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. "அடியே, பீரோவுக்குள்ள படுத்துத் தூங்கினது நீ இல்லடி, நான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் பிள்ளையைத் தூங்கவைக்கப் போய்விட்டாய். முப்பது வருஷமாக என்னுடையது என்று நினைத்திருந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நான் இங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கதையை நான் யாரிடம்தான் சொல்லவில்லை! கல்லூரி விடுதியில் முதல் நாள், வேலைக்குச் சேர்ந்த புதிதில், "உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்லுங்கள்" என்று எங்கே கேட்டாலும் நான் எடுத்துவிடுவது அதைத்தான். கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளியப் போய், பீரோவின் அடித்தட்டில் கம்பளிப் போர்வைமேல் சுருண்டு படுத்து, கதவை உள்ளிருந்து இழுத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனது. விழித்தால் ஒரே இருட்டு. கதவுக்கு அடியில் மட்டும் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு வெளிச்சம், அதில் தூசி மிதக்கிறது, பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வருகிறது, வெளிச்சக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அப்பாவின் பாதங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகின்றன. இதில் எதைப் பொய் என்று சொல்வேன், சொல்லு. கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது.

ஆனால் கணக்குப் போட்டால் நீ சொல்வதுதான் சரி. அது நடந்த வீட்டைவிட்டு நாம் கிளம்பியபோது எனக்கு இரண்டு வயதுகூட முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஞாபகமே மூன்று, மூன்றரை வயதுப் பக்கம்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தின காலம் ஏன் இப்படி அழிந்துபோகிறது என்று மனோதத்துவ நிபுணர் ஃப்ராய்டு 1905-லேயே யோசித்து எழுதியிருக்கிறார். நமக்கே வீட்டில் பார்த்துத் தெரியும்தானே, உன் பிள்ளை போன மாதம் நடந்ததையெல்லாம் இன்றைக்கு அட்சரம் பிசகாமல் சொல்கிறான், பள்ளிக்கூடம் போகிற வயதில் கேட்டால் அதில் பாதிகூடத் தேறாது.

அப்புறம் நடுராத்திரியில் இதைப் பற்றியே தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 2001-ல் மெர்சிடிஸ் ஷீன் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒரே சம்பவத்தை, இது எனக்குத்தான் நடந்தது என்று இரண்டு பேருமே சொல்கிறார்களாம். இரண்டு பேருமே மனதாரச் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம். இரட்டையர்களிடம் இது அதிகம், ஆனால் அக்கா தங்கைகளிடமும் சிநேகிதிகளிடமும்கூட உண்டாம். இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி! நான் உன்னிடமிருந்து எதையும் திருடவில்லை அக்கா. நீ சொல்லச் சொல்லக் கேட்டு எனக்குள்ளே வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த வருஷம், 2002-ல், கிம்பர்லி வேட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இன்னொன்று செய்தார்கள். சின்ன வயதில் வெப்பக்காற்று பலூனில் பறந்த மாதிரி ஒட்டுவேலை செய்த போட்டோவை 20 பேரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கொஞ்சமாகவோ முழுசாகவோ பறந்த ஞாபகமே வந்துவிட்டதாம். எனக்குப் போட்டோவும் தேவைப்படவில்லை, உன் குரலே போதுமாக இருந்திருக்கிறது. விளக்கை அணைத்த பிறகு, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு, "இப்ப நாம பீரோவுக்குள்ள இருக்கோம்" என்று ஆரம்பிப்பாயே, தினமும்.

வாசனை மட்டும் என்னுடையது, அதை விட்டுத்தர மாட்டேன். பார்ப்பது, கேட்பதெல்லாம் மூளையில் தாலமஸ் என்ற இடத்தைத் தொட்டுவிட்டுப் போக, வாசனை மட்டும் ஞாபகத்தையும் உணர்ச்சியையும் பார்த்துக்கொள்கிற இடங்களுக்கு நேராகவே போய்விடுகிறது என்கிறார்கள். அந்த பீரோ நம்மோடு எல்லா வீட்டுக்கும் வந்தது. பத்து வயதுவரை அதற்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றவள் நான்தான். ஆக, அந்த நாள் உன்னுடையது, வாசனை என்னுடையது. சரிதானே?

யோசித்துப் பார்த்தால் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல சங்கதி உன்னிடம்தான் இருக்கிறது. நான் தூக்கத்தில் பேசுவேன் என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து, "ஏழாம் வாய்ப்பாடு தீர்ந்துபோச்சு, வேற வாங்கணும்" என்றேனாமே. அது எனக்கு ஞாபகம் வர வழியே இல்லை, நீ சொல்லாவிட்டால் அது நடக்கவே இல்லாத மாதிரிதான். என் 20 பால்பற்களில் எத்தனை ஆடி விழுந்தன, எத்தனையை நீ பிடுங்கினாய் என்ற கணக்கும் உன்னிடம்தான். ராத்திரி பஸ்ஸில் போகும்போது நிலா என் பின்னாலேயே வருகிறது என்று நான் சொல்ல, இல்லை என் பின்னாலதான் என்று நீ சண்டைக்கு வர, கடைசியில் ஆளுக்கொரு ஜன்னலில் உட்காரவைத்தார்களே, அது மட்டும் எனக்கே ஞாபகம் இருக்கிறது. நிலா ரொம்பத் தூரத்தில் இருப்பதால் நாம் எவ்வளவு நகர்ந்தாலும் அது இருக்கிற திசை மாறுவதில்லை, அதனால்தான் கூடவே வருகிற மாதிரி இருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். அப்படிப் பார்த்தால் நம் சண்டையில் இரண்டு பேருமே ஜெயித்திருக்கிறோம்.

இன்னொன்று கேள். விரல்களைக் கோத்து இரண்டு கையையும் சேர்த்துப் பார், உனக்கு எந்தக் கட்டைவிரல் மேலே வருகிறது? எனக்கு இடது. மாற்றிக் கோத்தால் யாரோ மூன்றாம் மனுஷியின் கையைப் பிடித்த மாதிரி இருக்கிறது. உனக்கும் இடது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இனிமேல் உன்னைக் கேட்காமல் எதையும் உறுதியாகச் சொல்லப்போவதில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலையில் அம்மாவிடம் கேட்டேன். "உள்ளே தூங்கினது பெரியவதான். ஆனா நீதான் பீரோ கதவைத் தட்டித் தட்டி 'க்கா, க்கா'ன்னு நின்னே. உனக்கு அப்ப அவ்வளவுதான் பேச்சு. எதுக்கோ அடம் பிடிக்கிறேன்னு ரெண்டு தடவை தூக்கிட்டுப் போய் கட்டில்ல விட்டேன். இறங்கி இறங்கி அங்கேயே போய் நின்னே. மூணாவது தடவைதான் எனக்கு உறைச்சுது" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் பேச வரவில்லை.

அம்மா இதை இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை தூங்கினதும் கூப்பிடு. முதலிலிருந்து சொல்லு, நான் குறுக்கே பேசமாட்டேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அந்த வெளிச்சக் கோட்டில் அப்பாவின் பாதங்களைப் பார்த்தேன் என்பாயே, பக்கத்தில் சின்னதாக இரண்டு பாதம் தெரிந்ததா?

உன் தங்கை