கலர் றோல் இருந்தது

சிவமயம்

கொக்குவில்,
17.10.2023

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அக்கா குடும்பமும் சுகம். உன் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வழமைபோல ரெலிபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். உன் அழைப்பு வரவில்லை. 23 வருடங்களில் நீ தவறவிட்ட ஞாயிறுகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம், அவற்றிலும் இரண்டு, போரில் பாதை பூட்டி இணைப்பு அறுந்திருந்த நாட்கள். ஆகவே இது வேலைப் பளுவால் வந்த தவறல்ல என்று எனக்குத் தெரியும். என்ன காரணம் என்பதும் ஓரளவுக்குத் தெரியும். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் உன் நித்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பகல் 12 மணி என்றால் ரொறொன்ரோவில் இரவு 2.30. இந்தக் கணக்கு எனக்குக் கைவிரலில் நிற்கிறது. நாங்கள் மத்தியானச் சோற்றுக்கு இருக்கும் நேரத்தில் நீ கணினிக்குள் இருக்கும் அந்த உலகத்தில் நிற்கிறாய் என்று, நாங்கள் தம்பி என்று கூப்பிடும் அக்காவின் மூத்தவன் தன் திரையைப் பார்த்துச் சொல்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆவணி தொடங்கி அநேகமாக எல்லா நாட்களும். காலையில் வேலைக்குப் போகிற பிள்ளை எப்போது படுக்கிறது? வீட்டில் உன்னைப் படுக்கச் சொல்ல ஆள் இல்லையா என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை. நேரத்துக்கு நித்திரை கொள், அவ்வளவுதான்.

தம்பியைக் கோபிக்காதே. அவனைத் துளைத்தவன் நான். சித்தி செக்கண்ட் லைஃப் என்ற இடத்தில் கடை வைத்திருக்கிறா என்று அவன் வாய்தவறிச் சொன்னபோது, ஏதோ சீட்டுப் பிடிக்கும் அலுவல் என்று நினைத்துப் பயந்தேன். பிறகு அவன் பொறுமையாக விளங்கப்படுத்தினான்: சான் பிரான்சிஸ்கோவில் உள்ள லின்டன் லாப் என்ற நிறுவனம் நடத்தும் உலகம் அது, விளையாட்டு என்று சொன்னாலும் வெல்லுவதற்கோ தோற்பதற்கோ அங்கே எதுவும் இல்லை, வருகிறவர்கள்தான் வீடும் கடையும் கடற்கரையும் கட்டுகிறார்கள், கட்டியது கட்டியவருக்கே உரிமை. அது 2003 ஜூன் மாதத்தில் திறந்ததாம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்து ஓராண்டு கழிந்திருந்த அந்தக் காலத்தில், நாங்கள் இங்கே கூரையில்லாத வீடுகளுக்குள் முளைத்திருந்த ஆமணக்கை வெட்டிக்கொண்டிருந்தோம். உலகத்தின் மறுபக்கத்தில் ஆட்கள் இல்லாத காணியில் இல்லாத வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

சிரித்தவன் உள்ளே போனேன். கணக்குத் திறக்கப் பணம் கேட்கவில்லை. தம்பி ஓர் இளந்தாரி உடம்பைத் தெரிந்து தந்தான். எனக்கு 78 வயது என்று சொல்லி நரையும் வழுக்கையும் கேட்டேன், நரை கிடைத்தது. வேட்டி தேடினோம், அகப்படவில்லை, கோட்டும் சூட்டுமாய்த்தான் நிற்கிறேன். முகத்தைத் திருத்தும் இடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு நேரம் போனது தெரியவில்லை. மூக்கின் அகலம், தாடையின் கோணம், மேலுதடு, காதுச்சோணை என்று ஒவ்வொன்றுக்கும் 0 இலிருந்து 100 வரை ஓர் இழுகோடு. ஸ்ரூடியோவில் நான் ஒரு நெகற்றிவ்வை மேசைக் கண்ணாடியில் வைத்து, பென்சில் பிடிக்க மீடியம் பூசி, அரத்தாளில் ஊசியாய்த் தீட்டிய பென்சிலால் அரை நாள் குத்திக் குத்திச் செய்த வேலையை, இங்கே ஒரு சின்னப் பிள்ளை விரலால் இழுத்து முடித்துவிடும். ஆனால் ஒன்று கவனித்தேன்: இழுகோடு முகத்தின் அமைப்பை மாற்றுகிறதே தவிர, முகத்துக்கு உயிர் கொடுப்பது மேலே போர்த்தும் தோல்தான். அந்தத் தோலை ஒருவர் இருந்து வரைய வேண்டும். மானின் தோலை உரித்து விரித்ததுபோல முகம் தட்டையாய்க் கிடக்க, காது ஒரு கரையிலும் பிடரி இரண்டு கூறாகவும் இருக்கும் படத்தில், மடித்துப் போர்த்தும்போது எந்த நிழல் எங்கே விழும் என்று கணக்குப் பார்த்து வரைய வேண்டும். அதைத்தான் நீ செய்து விற்கிறாய்.

சொல்லாமல் விடக்கூடாது. நீ வரைந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மற்றக் கடைகளில் தோல்கள் மெழுகுப் பொம்மைபோல மினுங்குகின்றன. உன்னுடையவற்றில் மயிர்த்துளை இருக்கிறது, மூக்கின் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, கண்ணுக்குக் கீழ் நீலம் இருக்கிறது. வெளிச்சத்தை இடப்பக்கம் மேலேயிருந்து விழுத்தியிருக்கிறாய். கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோவில் நான் விளக்கு வைத்த இடம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்கதவால் நுழைந்து ஸ்ரூலில் ஏறியிருந்து பார்த்துக்கொண்டிருப்பாய். படி, படி என்று துரத்தினேனே தவிர, உன் கையில் ஒரு பென்சிலைத் தரவில்லை. பெண்பிள்ளைக்கு ஏன் இந்தத் தொழில் என்று நினைத்தேன்.

கடையும் நன்றாக இருக்கிறது. சுவரில் முகங்களை நிரைநிரையாக மாட்டியிருப்பதைக் கண்டபோது நம் ஸ்ரூடியோவின் வாசல் கண்ணாடிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. காணி 512 சதுர மீற்றர் என்று தம்பி சொன்னான், நம் கணக்கில் இரண்டு பரப்பு. உன் சீதனக் காணியும் இரண்டு பரப்புத்தான். அதற்கு வேலி போடாமல் விட்டதால் பக்கத்துக்காரர் கிழக்கு எல்லையில் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார். இருக்கும் காணியைக் கவனியாமல் இல்லாத காணிக்கு வாடகை கட்டுகிறாய். இதை அக்காவும் சொல்லச் சொன்னா.

நான் போன நேரம் நீ அங்கே இல்லை. பூனைத் தலையோடு ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். தம்பி வாசித்துச் சொல்ல, நான் சொன்னதை அவன் தட்டினான். அவர் ஒரு பெண்ணாம், நோயினால் பல வருடமாகக் கட்டிலோடு இருப்பவவாம், இங்கேதான் நடக்கிறாவாம். கடைக்காரி அநேக இரவுகளில் தன்னோடு கடற்கரையில் வந்து இருப்பதாகவும், பேசாமலே இருந்துவிட்டுப் போவதாகவும் சொன்னா. நான் யாரென்று சொல்லவில்லை. அதைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்தது உண்மை. வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பாத உன் அம்மாவின் குணம் அது. ஆனால் பூனைத் தலைக்காரியோடு மணிக்கணக்காக இருக்க நேரம் உள்ள பிள்ளைக்குத் தகப்பனோடு ஞாயிறு பத்து நிமிடம் பேச நேரம் இல்லாமல் போனதும் உண்மை. நித்திரையைத் தின்றுவிட்டுச் செய்யும் உபகாரம் உடம்புக்கு ஆகாது. அந்த உலகத்தில் நான்கு மணித்தியாலத்தில் ஒரு நாள் முடிகிறதாம், மூன்று மணித்தியாலம் பகல், ஒரு மணித்தியாலம் இரவு. அந்த இரவு ஒருவருக்கும் போதாது.

அங்கே உனக்கு இருக்கும் உருவத்தை அவதார் என்கிறார்கள், உன் அவதாரின் விபரம் எழுதியிருக்கும் பக்கத்தையும் பார்த்தேன். அதில் பார்ட்னர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அது வெறும் சிநேகிதமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், அந்த உலகத்துக் காசில் ஆளுக்கு 10 லின்டன் கட்டினால் போட்டுவிடலாம், பிரிவதற்குத்தான் 25 என்று தம்பி சொன்னான். மேலே எதுவும் கேட்காமல் அவனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டேன். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்றும் உன்னிடம் கேட்க மாட்டேன். தைப்பொங்கலுக்குப் பிறகு நீ எடுக்கும் அழைப்புகளில் மருமகனின் இருமலோ தொலைக்காட்சிச் சத்தமோகூடக் கேட்பதில்லை என்பதையும் நான் கேள்வியாக எழுதவில்லை.

உன் அவதாரின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முதலில் கோபம் வந்தது. மாசு மறுவற்ற முகம். ஐப்பசி மாதத்தில் வந்த தழும்பு அதில் இல்லை. அவதாரம் என்றால் இறங்கி வருதல். ஆண்டவன் ஆமையாகவும் பன்றியாகவும் இறங்கினானே தவிர, தன்னை அழகாக்கிக்கொள்ள இறங்கியதில்லை என்று தம்பிக்குப் பெரிதாகப் பிரசங்கம் செய்தேன். மோகினி அவதாரத்தை அவன் நினைவுபடுத்தியதும் வாய் மூடிவிட்டேன். பிறகு மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். இடது கன்னமேடு வலதை விடச் சற்றுத் தட்டையாக இருந்தது. உன் கன்னம் அப்படி இல்லை, அம்மாவின் கன்னமும் அப்படி இல்லை. உலகத்திலேயே ஒரு படத்தில் மட்டும்தான் அந்தக் கன்னம் அப்படி இருக்கிறது. 1999 இல் நான் பென்சிலை ஓர் இடத்தில் அளவுக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

நீ உன்னைப் பார்த்து அந்த முகத்தைச் செய்யவில்லை. நான் செய்ததைப் பார்த்துச் செய்திருக்கிறாய், என் பிழையோடு சேர்த்து.

மகளே, கலர் றோல் இருந்தது. இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கொழும்பிலிருந்து சாமான் வரவில்லை, கறுப்பு வெள்ளையில்தான் எடுக்க வேண்டும், சம்பந்தக்காரர் குறை நினைக்க மாட்டார்கள் என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். அலுமாரியின் மேல்தட்டில் ஒரு முழு றோல் உடைக்காமல் இருந்தது. கலர் படத்தில் என் பென்சில் ஓடாது, தழும்பு அப்படியே தெரியும், அதனால்தான். இரண்டு இடத்தில் சரிவராமல் போன பிறகு மூன்றாவதையும் விட எனக்குத் துணிவு இருக்கவில்லை. நீ கதிரையில் இருந்தபோது இடது பக்கத்தைத் தானாகவே விளக்குக்கு எதிராகத் திருப்பினாய். நான் அது வேண்டாம், நேரே பார், அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த றோலை அடுத்த மாதம் மானிப்பாயில் ஒரு சாமத்தியச் சடங்குக்குப் பாவித்தேன். 36 படமும் நன்றாக வந்தன.

ரொறொன்ரோ விமானநிலையத்தில் மருமகன் உன்னைப் பார்த்து, படத்தில் இருந்தது நீர்தானா என்று கேட்டாராம். அம்மா இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசிக் கிழமையில்தான் எனக்குச் சொன்னா. 22 வருடம் என்னிடமிருந்து அதை மறைத்து வைத்திருந்தா. நீயும் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கலர் றோல் இல்லை என்றுதான் மறுபடியும் சொல்லியிருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும்.

உன் கடையின் பின்சுவரில், விலைப்பட்டியல் மறைக்கும் மூலையில், தழும்புகள் விற்பனைக்கு இருக்கின்றன. தோலுக்கு மேல் தனியாகப் போடும் ரட்டூ அடுக்கு என்று தம்பி சொன்னான். வாள்வெட்டு, நெருப்புச் சூடு, கதையில் வருகிற போர்வீரனுக்கு ஏற்ற கீறல்கள். இவற்றையும் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள் என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தபோதே கீழ்வரிசைக் கடைசியைக் கண்டேன். புருவத்தின் நுனியில் தொடங்கி, கன்னமேட்டில் இரண்டாகப் பிரிந்து, பிரிந்ததில் ஒன்று காதுப் பக்கம் வளைகிற தழும்பு. அதன் ஒவ்வொரு இழையையும் பென்சில் முனையால் தடவியவன் நான். எனக்கு அதை யாரும் பெயர் சொல்லிக் காட்டத் தேவையில்லை. 125 லின்டன், ஏறக்குறைய அரை அமெரிக்க டொலர். தம்பி தன் கணக்கிலிருந்து கொடுத்தான். விற்றவருக்கு வாங்கியவரின் பெயர் போய்ச் சேரும் என்று பிறகுதான் சொன்னான். நான் அங்கே நம் ஸ்ரூடியோவின் பெயரையே வைத்திருக்கிறேன். 8 ஆம் திகதி அந்தப் பெயரை நீ கண்டிருப்பாய். அதன் பிறகுதான் நீ எடுக்கவில்லை.

வாங்கியதை என் முகத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கவில்லை. என் முகத்தை அகலமாக இழுத்துவிட்டதால் தழும்பு பரந்து, பிரியும் இடம் மூக்கோரம் போய்விட்டது. அது உன் பிழை இல்லை, நீ உன் முகத்துக்கு அளந்து வரைந்திருக்கிறாய். கழற்றவில்லை. அப்படியே இருக்கிறது.

இதைத் தம்பியிடம் கொடுத்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம். அவன் வாசிப்பான் என்பதால் தபாலில் போடுகிறேன். அம்மாவின் திவசம் கார்த்திகையில், திகதியை ஐயரிடம் கேட்டு எழுதுகிறேன். வா என்று சொல்லவில்லை, உன் அறையில் மின்விசிறி மாற்றியாகிவிட்டது. கொக்குவில் கிழக்கிலிருந்து ஒருவர் மாத முடிவில் கனடா போகிறார், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், தூள் இந்தமுறை காரம் கூட. வேலிக்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன். மருமகனுக்கு என் அன்பைச் சொல். சொல்லக்கூடிய நிலை இல்லாவிட்டால் விட்டுவிடு. ஞாயிறு 7 மணிக்கு விறாந்தையில் இருப்பேன். நேரத்துக்கு நித்திரை கொள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: எழுதி முடிக்கும்போது இங்கே பகல் 12 மணி ஆகிவிட்டது. தம்பி பக்கத்தில் இருக்கிறான். நீ அங்கே நிற்கிறாயா என்று கேட்கவில்லை.